மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது பாதி தூரத்தைத் தாண்டியிருப்பார்கள். 14 கிலோமீட்டர் பாதையில், ராஜகோபுரத்துக்கு நேர் பின்புறமாக, மலையின் மேற்கே இருக்கிறது இந்த ஊர். வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் பாதம் எரியத் தொடங்கும் இடம். ஆதி அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியும் சாலையோரத் திண்ணைகளிலும் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நடந்து களைத்தவர், வருஷக்கணக்காக இங்கேயே தங்கிவிட்ட சாமியார், ஊரை விட்டு வந்து திரும்பிப் போகாதவர், குடித்துவிட்டு விழுந்தவர் என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள். கடந்து போகிறவர்களில் யாராவது ஒருவர் ஒரு கணம் நின்றால், கூட வருகிறவர் கையைப் பிடித்து இழுப்பார். “மப்புல கெடக்கறான், விடு. தெளிஞ்சா தானா எழுந்து போவான்.”

பெரும்பாலான நாட்களில் அது சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நாளில், அந்த ஆள் விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டார். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம்’ என்று ஒரு வரிச் செய்தியோடு அது முடிந்துபோகும்.

அடி அண்ணாமலை போதைக்காரர்களின் ஊர் என்று சொல்ல இதை எழுதவில்லை. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் படுத்துத் தூங்குவதும், முன்பின் தெரியாதவருக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவதும் இங்கே அன்றாடம். தெரியாதவரின் பசியைக் கவனிக்கப் பழகிய ஊர், தெரியாதவரின் மூச்சையும் கவனிக்கப் பழக முடியும். போதையின் பிடியில் இருப்பவரை முதலில் உயிரோடு வைத்திருப்பது, மற்றதைப் பிறகு பார்ப்பது என்ற எளிய முறைக்குத் தமிழ்நாட்டில் இன்னும் சரியான இடம் கிடைக்கவில்லை. பிரசாரமும் கைதும் மாரத்தான் ஓட்டமும் நடக்கின்றன. மயங்கிக் கிடப்பவரை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

அளவு மீறிய போதை எப்படிக் கொல்கிறது? பலரும் இதயம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஹெராயின், பிரவுன் சுகர், மார்ஃபின், இப்போது மாத்திரையாக வரும் கடும் வலி நிவாரணிகள் என்று அபின் வகையைச் சேர்ந்த எதுவானாலும் முதலில் தொடுவது மூச்சைத்தான். மூளையின் அடித்தண்டில் மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருக்கும் பகுதி மந்தமாகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை விட்ட மூச்சு பத்தாகி, ஆறாகி, நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் அதைக் குறட்டை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிப் படுப்பார். பல மரணங்கள் அந்தக் குறட்டைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கின்றன.

அருகே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தூங்குகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்கிச் சத்தமாகக் கூப்பிட்டால் முனகவாவது செய்வார். நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தால் வலியில் கையைத் தட்டிவிடுவார். அதற்கும் அசையாதவர் தூங்கவில்லை. நம் தோல் நிறத்தில் உடல் நீலம் பாரிப்பது சுலபமாகத் தெரியாது. கீழுதட்டை விலக்கி உட்புறத்தையும், நகக்கண்ணையும் செல்போன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாம்பல் பூத்தோ நீலமாகவோ இருந்தால் உடம்புக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று அர்த்தம். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு கூட இல்லை என்றால் 108-ஐ அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

அழைத்த பிறகு என்ன செய்வது என்பதைவிட என்ன செய்யக் கூடாது என்பதை நம் ஊரில் முதலில் சொல்லியாக வேண்டும். போதை தெளிய மோர் கொடுப்பது, எலுமிச்சைச் சாறு பிழிவது, புளியைக் கரைத்து ஊற்றுவது எல்லாம் காலங்காலமாக நடக்கிறது. விழித்திருக்கும் குடிகாரருக்குக் கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். காப்பாற்ற நினைத்த கையே மூச்சை அடைத்துவிடும். குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுவதும், கன்னத்தில் அறைவதும், தூக்கி நிறுத்தி நடக்க வைப்பதும் நேரத்தைத்தான் வீணாக்குகின்றன. வாய்க்குள் இருப்பதைச் சுத்தம் செய்து, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு அறவே இல்லை, உயிர் இருப்பதற்கான அசைவும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி தேவை. மூச்சு தானாக வந்துகொண்டிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி முன்னால் வைத்தால் வாந்தி எடுத்தாலும் தொண்டையை அடைக்காது. மல்லாந்து கிடப்பவரைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுவது என்ற ஒரே ஒரு செயல் காப்பாற்றக்கூடிய உயிர்கள் ஏராளம். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம், காசு வேண்டாம்.

போதை ஊசி போட்டவுடனே எல்லோரும் செத்துவிடுவதில்லை. பல சமயம் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல மூச்சு குறைகிறது. அதாவது கூட இருப்பவருக்கு அவகாசம் இருக்கிறது. மூச்சு முழுக்க நின்ற பிறகுதான் கணக்கு நிமிடங்களுக்குச் சுருங்குகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

கஞ்சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிவலப் பாதை என்றாலே அந்தப் பேச்சு வரும். கஞ்சா மனநிலையைக் குலைக்கலாம், இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு மனச்சிதைவு வரை கொண்டுபோகலாம். ஆனால் மூச்சை நிறுத்திக் கொல்வது அரிது. கொல்வது அபின் வகையும் சாராயமும் தூக்க மாத்திரையும், எல்லாவற்றையும்விட இவற்றில் இரண்டைச் சேர்த்து எடுப்பதும்தான். கஞ்சாப் பொட்டலத்தைப் பிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் சாவுகள் கண்ணில் படாமலே நடக்கும்.

இது ஏதோ அமெரிக்கா, பஞ்சாப் சமாசாரம் என்று நினைப்பவர்கள் சென்னையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாக 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. சுனிதி சாலமன் பின்னர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு, நகரில் ஊசி மூலம் போதை எடுத்துக்கொள்கிறவர்களிடையே வேலை செய்தது. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் எச்ஐவி காட்டுத்தீயாகப் பரவிய காலம். 2005, 2006-ல் அப்படிப்பட்ட 1,158 பேரை ஆய்வில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 85 பேர் இறந்துபோனார்கள். எய்ட்ஸ்தான் முதல் காரணமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். எய்ட்ஸால் இறந்தவர்கள் 14 பேர். அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 22 பேர். எய்ட்ஸைவிடப் பெரிய எமன் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், நம் நகரத்திலேயே, நம் கண்ணெதிரிலேயே. 2009-ல் அந்த முடிவு மருத்துவ இதழில் வெளியானது. அது தமிழ்நாட்டில் ஒரு பெரிய விவாதமாகியிருக்க வேண்டும்.

எச்ஐவி விஷயத்தில் நாம் பாடம் கற்றுக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஊசி போடாதே’ என்று மட்டும் சொன்னது போதவில்லை என்று தெரிந்ததும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே சுத்தமான ஊசிகளைக் கையில் கொடுத்தது. அதற்கடுத்து மாற்று மருந்துச் சிகிச்சை வந்தது. புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையை மருத்துவப் பணியாளர் தன் கண்முன்னே நோயாளியின் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவார். சில நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு நோயாளி வேலைக்குப் போவார். அதுவும் அபின் வகை மருந்துதான். ஆனால் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காத தன்மை அதற்கு உண்டு. உடம்பு நடுக்கமும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இல்லாமல் ஒரு நாள் கழிகிறது. ஊசிக்காகத் திருட வேண்டியதில்லை. கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிகிறது. நாள்தோறும் மாத்திரைக்கு வருகிறவரிடம் காசநோய்ப் பரிசோதனை, குடும்பப் பேச்சு, வேலை என்று மற்றவற்றைப் பேச ஒரு வாசல் திறக்கிறது. அடிமைத்தனத்துக்கு அடிமைத்தனம் என்று இதைக் கேலி பேசுகிறவர்கள், அந்த வரிசையில் நிற்கும் ஒருவரின் மனைவியிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அடுத்த படியில்தான் நாம் நின்றுவிட்டோம். அபின் வகை போதையால் மூச்சு நின்றவரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு மருந்து இருக்கிறது. நலாக்ஸோன் என்று பெயர். 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1971 முதல் அமெரிக்காவில் அனுமதியோடு பயன்பாட்டில் இருக்கிறது. மூளையில் போதைப்பொருள் போய் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். தொடையிலோ தோள்பட்டையிலோ ஊசியாகப் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் பெருமூச்சு விட்டுக் கண் விழிப்பார். விழிக்காவிட்டால் இன்னொன்று. போதையே எடுக்காதவருக்குத் தவறிப் போட்டாலும் கெடுதல் இல்லை. அதை வைத்துப் போதை ஏற்றிக்கொள்ளவும் முடியாது. ஒரே எச்சரிக்கை: அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதற்குப் பிறகும் இருக்கலாம். அதனால் எழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விடக் கூடாது. சாராயத்துக்கும் தூக்க மாத்திரைக்கும் இந்த மருந்து கேட்காது.

உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது: மயங்கி விழுவதைப் பார்க்கக்கூடிய யார் கையிலும், நண்பர்கள், குடும்பத்தார், களப்பணியாளர்கள் கையிலும் இந்த மருந்து இருக்க வேண்டும் என்று. அமெரிக்காவில் 2023-ல் மூக்கில் பீய்ச்சும் வடிவத்தை மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க அனுமதித்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த அவர்களுடைய ஓவர்டோஸ் மரணங்கள் 2024-ல் ஏறக்குறைய 80,000-க்கு இறங்கின. காரணம் இது ஒன்றே அல்ல, இதுவும் ஒன்று. நம் நாட்டில் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் தன்னார்வ அமைப்புகள் பல ஆண்டுகளாகத் தங்கள் மையங்களில் நலாக்ஸோன் வைத்திருந்து உயிர்களை மீட்டிருக்கின்றன. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க முடியாத ஊசி மருந்து என்ற நிலை மாறவில்லை. மயங்கிக் கிடப்பவரின் நண்பன் அந்த நேரத்தில் டாக்டரிடம் போய்ச் சீட்டு எழுதி வாங்க முடியுமா?

திருவண்ணாமலை மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறபோது, ‘ராத்திரியில் ஏன் வரப்பில் நடந்தாய், டார்ச் எங்கே’ என்று யாரும் நிறுத்திவைத்துக் கேட்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு ஊசி இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இல்லை என்றால் சாலை மறியலே நடக்கும். நலாக்ஸோனுக்கும் அந்த நியாயம் போதும்.

தேவை வந்துவிட்டதா என்று கேட்டால், வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. டாபென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பரவியிருக்கிறது. ‘போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது’ என்று நாளிதழ்களில் உள்ளூர்ப் பக்கத்தில் வரும் செய்திகள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவும் பசையும் சுண்ணமும் கலந்திருக்கும். கரைத்து வடிகட்டியதாக நினைத்து நரம்பில் ஏற்றும்போது அந்தத் துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கின்றன. கை வீங்கிச் சீழ் வைக்கிறது, சிலருக்கு வலிப்பு வருகிறது, அதிகமானால் மூச்சு நிற்கிறது. இதைச் செய்கிறவர்களில் பலர் 20 வயதுப் பையன்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைதானே, ஹெராயினா என்ன என்று நினைக்கிறார்கள்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, அபின் வகைப் பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்றது. ஊசி மூலம் எடுப்பவர்கள் எட்டரை லட்சம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ ஓவர்டோஸ் மரணங்களை ஆண்டுக்குச் சில நூறு என்றுதான் கணக்குக் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. வீட்டில் கௌரவத்துக்காக ‘மாரடைப்பு’ என்கிறார்கள், சாலையோரத்தில் கிடந்தால் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதுகிறார்கள். எண்ணிக்கையில் வராத சாவுக்கு பட்ஜெட்டிலும் இடம் கிடைக்காது.

பயம் எப்படிக் கொல்லும் என்பதைப் பக்கத்து மாவட்டம் நமக்குக் காட்டிவிட்டது. 2024 ஜூன் 18-ம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் முதல் வரிசையாகச் செத்துவிழுந்தார்கள். 65-க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது வயிற்றுக்குள் போனதும் கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற 12 மணி நேரம், 24 மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் ஆள் சாதாரணமாகவே இருப்பார். பிறகு வயிற்று வலி, வாந்தி, கண்ணில் மங்கல், மூச்சு வாங்கல். மங்கல் தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனால் முறிவு மருந்தும் டயாலிசிஸும் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றும். முதல் சாவுகள் விழுந்த அன்றே ‘பாக்கெட் குடித்த எல்லோரும் உடனே வாருங்கள், கேஸ் போட மாட்டோம்’ என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் முதலில் கள்ளச்சாராயம் காரணம் இல்லை என்று மறுத்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், ஒரு நபர் ஆணையம் அமைத்தார்கள், சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்தில் இதே மெத்தனால் இதே வேலையைச் செய்திருந்தது. காய்ச்சியவனுக்கு ஆயுள் தண்டனை கொடுக்கட்டும். குடித்தவர் தைரியமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வர என்ன வழி என்பது இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் இரு பக்கம் நிற்கிற நம் மாவட்டத்துக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27-வது பிரிவு பயன்படுத்தியவருக்குத் தண்டனை சொல்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை நிலையில் உள்ளவர் தானே முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. இந்தப் பிரிவு கோர்ட் வாசலில் நிற்கும் பெற்றோர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் மயங்கிய நண்பனுக்காக 108-ஐ அழைக்கும் பையனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸும் வரும் என்று அவன் ஓடிவிடுகிறான். சாலை விபத்தில் இதே சிக்கல் இருந்தது. அடிபட்டவரைத் தூக்கினால் சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டும் என்று ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உதவியவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தன. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை மேல்மருவத்தூரில் தொடங்கியபோது, விபத்தில் சிக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவருக்கு 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. லாரியில் அடிபட்டவரும் மாத்திரையில் அடிபட்டவரும் ஒரே வார்டில்தான் படுத்திருக்கிறார்கள். பின்னவரைத் தூக்கி வந்தவருக்குப் பணம் வேண்டாம், கைவிலங்கு இல்லை என்ற உறுதி போதும். ஓர் அரசாணையில் முடிகிற காரியம் இது.

இப்படியெல்லாம் செய்தால் பயம் விட்டுப்போய் இன்னும் அதிகமாகப் போதை எடுக்க மாட்டார்களா என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பெற்றவர்களின் கேள்வி அது, மதிக்க வேண்டிய கேள்வி. சுத்தமான ஊசி கொடுத்த ஊர்களில் ஊசி போடுகிறவர்கள் அதிகமாகவில்லை, எச்ஐவிதான் குறைந்தது. நலாக்ஸோனில் எழுந்தவர் அனுபவிப்பது சுகம் இல்லை. போதை ஒரே இழுப்பில் பிடுங்கப்பட்டு, உடம்பெல்லாம் நடுங்க, குமட்டலோடு எழுகிறார். இன்னொரு முறை அதை நம்பி எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அப்படி எழுந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும் செவிலியரிடம், வாழ்க்கையில் முதல்முறையாக, ‘எங்கே போனால் விடலாம்’ என்று கேட்கக்கூடும். அப்போது பதில் சொல்ல இடம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் ஊர்க்காரர்களின் பொறுப்பிலேயே முகாம் நடத்திக் குடியை விடவைத்த அனுபவம் நமக்கு உண்டு. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் மறுவாழ்வுச் சிகிச்சை மையங்கள் 2025-ல் வந்திருக்கின்றன. 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. இவை எல்லாம் உயிரோடு இருப்பவருக்கு மட்டும்தான் பயன்படும்.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதை நெடுக மருத்துவ முகாம்கள் போடுகிறார்கள், 108 வண்டிகள் நிற்கின்றன. அந்த முகாம் பெட்டியில் நாலு ஆம்பூல் நலாக்ஸோனும் மூச்சு ஊட்டும் பையும் இருந்தால் போதும். அன்னதானத்துக்கு வரும் தன்னார்வலர்களுக்கும், டீக்கடைக்காரர்களுக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும், பாதையிலேயே வாழும் சாமியார்களுக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி: உலுக்கு, கூப்பிடு, மூச்சை எண்ணு, ஒருக்களித்துப் போடு, 108. சாமியார்களைக் குறிப்பாகச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க அந்தத் திண்ணைகளில் விழித்திருப்பவர்கள் அவர்கள்தான். பக்கத்தில் படுத்தவரின் மூச்சு மாறினால் முதலில் கேட்கக்கூடிய காது அவர்களுடையது.

மிக அவசரமான இடம் வேறொன்று இருக்கிறது. அது வேலூர் மத்திய சிறையின் வாசலும், தனியார் மறுவாழ்வு இல்லங்களின் வாசலும். இரண்டு மூன்று மாதம் போதை இல்லாமல் இருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்த பையன் பழைய நண்பர்களோடு பழைய அளவை எடுத்தால் அதுவே அவனைக் கொல்லும். வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள்தான் ஆபத்தின் உச்சம் என்று உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்கின்றன. ‘சுத்தமாகத் திருந்திட்டான்’ என்று சந்தோஷமாக அழைத்துப் போகும் அம்மாவிடம் இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும். அவன் விடுதலைச் சீட்டோடு ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையும், மாற்று மருந்துச் சிகிச்சை மையத்தின் முகவரியும், ஒரு நலாக்ஸோன் ஊசியும் அந்த அம்மா கையில் தரப்பட வேண்டும். தனியாக எடுக்காதே, சாராயத்தோடு கலக்காதே, எடுத்தே தீருவாய் என்றால் பழையதில் கால் பங்கைத் தாண்டாதே என்று அவனிடமும் நேராகப் பேச வேண்டும். சிறைத்துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. அடுத்த தீபத்துக்கு முன்னால் வேலூரில் தொடங்கலாம்.